நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜன்னத்துக்குத் தொழிலில் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கிற தாளைப் படிக்கக் கூடாது.

கருமத்தம்பட்டியில் பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அவளுடைய ஜெராக்ஸ் கடைக்கு ஊரே வந்துபோனது. பாகப்பிரிவினைப் பத்திரம் வரும். விவாகரத்து நோட்டீஸ் வரும். ஜாதகமும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே கவரில் வரும். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, மூடியை அமுக்கி, பச்சை வெளிச்சம் ஓடி முடிகிறவரை பக்கத்துப் பேக்கரிக்காரர் பப்ஸ் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"படிச்சா முகத்துல தெரிஞ்சுபோயிருங்க. முகத்துல தெரிஞ்சா அடுத்தவாட்டி சோமனூர்க் கடைக்குப் போயிருவாங்க" என்று கணவன் ஷாநவாஸிடம் சொல்வாள். ஷாநவாஸ் காடாத் துணி உருளைகளைத் திருப்பூருக்கு ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் கொள்கை உண்டு. ஊர் விவகாரம் எதுவானாலும், "நமக்கெதுக்கு?" என்று ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்வது. இரண்டு கொள்கைகளும் சேர்ந்து குடும்பத்தை இருபது வருடமாக நல்லபடியாக நடத்திவந்தன.

அந்த வருடம் ஆவணியில் ஒருநாள் முற்பகல் லட்சுமணசாமி கடைக்கு வந்தார். விசைத்தறி வைத்திருப்பவர், தம் சாதியினரின் சமுதாய நலச் சங்கத்தின் செயலாளர். அவரைப்போல மரியாதை தெரிந்த மனிதரை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. சாலையில் மாடு படுத்திருந்தால்கூட ஹாரன் அடிக்காமல் இறங்கிவந்து எழுப்புகிறவர். அன்று அவர் கையில் நூலக முத்திரை குத்திய ஒரு நாவல் இருந்தது. அட்டையில் ஒரு தறியின் படம். பெயர், 'எட்டாம் நம்பர் தறி'.

"ஏனுங்க அம்மணி, இதுல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை மட்டும் ஒரு அம்பது காப்பி போட்டுக் குடுங்க. படிச்சுப்போடாதீங்க, கண்டபடி எழுதி வெச்சிருக்கறான்."

"நான் எதையும் படிக்கறதில்லீங்கண்ணா."

"தெரியும். அதனாலதான் இங்க வந்தனுங்க."

"நீங்க படிச்சீங்களாண்ணா?"

லட்சுமணசாமிக்கு முகம் சுருங்கியது. "நானெதுக்குங்க அந்தக் கருமத்தைப் படிக்கோணும்? சங்கத் தலைவர் சொன்னாருங்க. அவருக்கு ஒறம்பரைக்காரரு யாரோ கல்யாணத்துல சொன்னாங்களாம். நம்ம சமுதாயத்துப் பொண்ணுகளைப் பத்தி அசிங்கமா எழுதியிருக்குதாம்."

எழுதினவர் வெளியூர்க்காரர் அல்ல. கரண்ட் ஆபீசில் கணக்கெடுக்கும் கிருபாசங்கர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாக, தறிக்குடோன் குடோனாக வந்து மீட்டர் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு, கொடுத்தால் மோர் குடித்துவிட்டுப் போகிற ஒல்லியான மனிதர். அவர் கதை எழுதுவார் என்பதே யாருக்கும் தெரியாது. நாவல் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் நூலகத்திலிருந்து அதை எடுத்துப்போன முதல் வாசகர் லட்சுமணசாமி.

புத்தகத்தை விரித்துக் கவிழ்த்தால் ஒரு பக்கம் மட்டும் விழாது, எதிர்ப்பக்கமும் சேர்ந்துதான் விழும். ஆக, நூற்றுப் பன்னிரண்டோடு நூற்றுப் பதின்மூன்றும் ஐம்பது பிரதியாகி ஐம்பது வீடுகளுக்குப் போனது. நூற்றுப் பதின்மூன்றின் கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. 'அம்மா கதவைத் திறந்தபோது' என்பதோடு தாள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "அடுத்த பக்கம் கிடைக்குங்களா? கண்டனம் எழுதறதுக்குத்தானுங்க." மத்தியானம் இன்னொருவர் வந்தார். அவருக்கும் கண்டனம் எழுத வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் கண்டனம் எழுதும் ஆர்வம் ஊரில் நன்றாகப் பரவிவிட்டது.

சங்கம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை நால்ரோட்டில் நாவலை எரிப்பது என்று தீர்மானமாயிற்று. எரிக்கப் புத்தகம் வேண்டுமே. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அரசாங்கச் சொத்து. அதை எரித்தால் கேஸ் ஆகும் என்று லட்சுமணசாமிக்குப் பயம். சென்னையில் இருந்த பதிப்பாளருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் எழுதினவருக்கே போட்டார். அந்த உரையாடல் பின்னால் ஊரில் பல பேர் வாயில் பல விதமாக உலவியது. ஜன்னத் கடையில் நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் பேசினார் என்பதால் அவள் கேட்டதே சரியான பாடம்.

"வணக்கமுங்க, நான் சங்கத்துச் செயலாளர் பேசறனுங்க. சாப்பிட்டாச்சுங்களா? ஒண்ணுமில்லீங்க, உங்க புஸ்தகம் ஒரு நூறு கிடைக்குங்களா? எரிக்கறதுக்குங்க."

மறுமுனையில் கிருபாசங்கர் வருத்தமான குரலில் சொன்னார். "ஊட்டுப் பரண்ல கொஞ்சம் கெடந்துதுங்க. கரையான் ஏறிருச்சுங்களே."

"அடடா. சித்தெ முன்னாடியே கேட்டிருக்கலாமுங்க" என்று லட்சுமணசாமி உண்மையாகவே வருந்தினார்.

கடைசியில் வந்தது ஜன்னத்தின் தலையில். முழு நாவலையும் நூறு பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஒன்று வாங்கிவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து எரிப்பார்கள். அவளுக்கு இருபது வருடத்தில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை.

"நமக்கெதுக்கு?" என்றார் ஷாநவாஸ்.

"எரிக்கறதுக்குத்தானுங்க எடுக்கறாங்க. படிக்கறதுக்கா எடுக்கறாங்க?" என்றாள் ஜன்னத். அந்த நியாயம் அப்போது இருவருக்கும் சரியாகத்தான் பட்டது.

அவளுடைய பழைய எந்திரம் தானாகப் பக்கம் சேர்க்காது. கையால்தான் அடுக்க வேண்டும். அடுக்க வேண்டுமானால் பக்க எண் பார்க்க வேண்டும். எண் கீழே இருக்கும், எழுத்து மேலே இருக்கும். கண் எவ்வளவு நேரம்தான் கீழேயே கிடக்கும்? புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்த நேரத்தில், இருபது வருடக் கொள்கையை ஜன்னத் முறித்தாள். முதலிலிருந்து படித்துக்கொண்டே போய் நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தாள்.

அதில் லட்சுமணசாமி சொன்ன அசிங்கம் எதுவும் இல்லை. ஒரு தறிக்குடோன். அதை ஒட்டி ஓர் அறை. தறி ஓட்ட வந்தவனோடு போக நினைத்த பெண்ணை அந்த அறையில் பூட்டியிருக்கிறார்கள். அன்று முழுக்க எட்டாம் நம்பர் தறியை, குறுக்கே ஓடும் ஊடைநூல் இல்லாமலே, வெறுமனே ஓடவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக. அம்மா ஒரு டம்ளரில் பால் கொண்டுபோகிறாள். பாலில் என்ன இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கத்தின் அடியில் இரண்டு வரி. 'வயிற்றுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் சரி என்றது.'

ஜன்னத் தாளைக் கீழே வைத்தாள். பேக்கரியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவளுக்குச் சண்முகப்பிரியாவின் நினைவு வந்தது. சங்கத் தலைவர் நஞ்சுண்டனின் ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு மனுப்போட, சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி கடைக்கு வருவாள். காத்திருக்கும்போது ஸ்டேப்ளரைக் கையில் வைத்து டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருப்பாள். "பின்னு தீந்துபோயிரும், வெச்சுரு கண்ணு" என்று ஜன்னத் திட்டியிருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம் அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்தது. அன்றே எரித்தும்விட்டார்கள். கண்ணீர் அஞ்சலி நோட்டீசைக் கம்ப்யூட்டரில் அடித்தது ஜன்னத்தான். 'உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்' என்று அவளே அடித்தாள். அந்த வரியை அப்போதும் அவள் படிக்கவில்லை, அடித்தாள், அவ்வளவுதான்.

'ஊரும் சரி என்றது' என்ற வரியில் தன் கடையும் அடக்கம் என்று அவளுக்குப் புரிய, அடுக்குவதை நிறுத்தி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

தலைவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது விளங்கிவிட்டதாக அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த இரண்டு நாளில் அந்த நினைப்பும் குழம்பியது. எரிக்க வாங்கிப்போன பிரதிகளை வீட்டுப் பெண்கள் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். ரேஷன் கார்டு நகலெடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

"ஏனுங்க அம்மணி, இது அன்னூர்ப் பக்கம் எங்க பெரிய மாமனார் ஊட்டுக் கதைதானுங்களே?"

இன்னொருத்தி, "பல்லடத்துல எங்க நாத்தனாருது. தறி நம்பரை மட்டும் மாத்திப்போட்டான்" என்றாள். மூன்றாமவள் ஊர்ப் பேரே சொல்லவில்லை. "மீட்டர் பாக்க வந்தவன் இத்தனையுமா பாத்திருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சில்லறையை வாங்காமலே போனாள்.

இப்படி எதுவும் தங்கள் சமுதாயத்தில் நடந்ததே இல்லை என்று சங்கம் அச்சடித்த துண்டறிக்கையும் அதே கடையில்தான் நகலாகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, நஞ்சுண்டனின் மனைவி சென்னியம்மாள் வந்தார். சந்தைப் பையில் சுரைக்காயும் கீரையும் இருந்தன. அவர் ஊரில் அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல அம்மணி. ஒரு பக்கம் பெருசாப் போட்டுக் குடுப்பியா?"

எந்தப் பக்கம் என்று ஜன்னத் கேட்கவில்லை. பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தாள். சென்னியம்மாள் அதை மடித்துக் கீரைக்கு அடியில் வைத்தார். படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"இதை எழுதுனது நம்மூட்டுக்கு மீட்டர் பாக்க வருமே, அந்தத் தம்பிதான?"

"ஆமாங்கக்கா."

"மோரு குடுத்திருக்கறேன். ரெண்டொருவாட்டி வெயிலுக்கு உக்கார வெச்சிருக்கறேன்." சென்னியம்மாளின் கை பையின் வாரைத் திருகியது. "நான் ஒண்ணும் சொல்லலியே அம்மணி. சொன்ன மாதிரி எனக்கு நெனப்பே இல்லியே."

"நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கக்கா" என்றாள் ஜன்னத். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று சொன்ன பிறகுதான் யோசித்தாள்.

சனிக்கிழமை வேறொரு விதமான கூட்டம் வந்தது. ஆண்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் பேக்கரியில் நின்று காத்திருந்து வந்தார்கள்.

"அம்மணி, அட்டை மட்டும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"உள்பக்கமெல்லாம் வேண்டாமுங்களா?"

"அட்டை போதுமுங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது. நால்ரோட்டில் கோஷம் ஓங்கியிருந்தது. பேக்கரித் தார்ப்பாய்க்குத் தீப்பிடித்துவிடும், கொஞ்சம் தள்ளி எரியுங்கள் என்று போலீஸ்காரர் கேட்டுக்கொள்ள, மரியாதையாகத் தள்ளிப் போனார்கள். ஒவ்வொருவராக வந்து எறிந்தார்கள். மேலே 'எட்டாம் நம்பர் தறி' அட்டை. உள்ளே போன வருட நாட்காட்டி, நூல் மில் டைரி, மிச்சமான கல்யாணப் பத்திரிகை. நெருப்பில் ஒரு பிள்ளையார் படம் சுருண்டதை ஜன்னத் கண்ணாலேயே பார்த்தாள். உள்பக்கங்களை வீட்டுப் பெண்கள் தர மறுத்துவிட்டார்கள். இவர்களும் முடிவு தெரியாமல் எரிக்க மனம் வராமல் இருந்திருப்பார்கள்.

முழு நாவலைக் கொண்டுவந்து போட்டவர் நஞ்சுண்டன் ஒருவர்தான். கனத்த ஸ்பைரல் பிரதி. போட்டுவிட்டு, அது பற்றிக்கொள்ளும்வரை நகராமல் நின்றார். பிளாஸ்டிக் சுருள் எரிந்து நாறியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவர் பொத்தவில்லை.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பியது. கருமத்தம்பட்டியில் ஒரு பாய் கடையில் நம் பெண்களைக் கேவலப்படுத்தும் புத்தகத்தை ரகசியமாக அச்சடித்து ஊரெல்லாம் பரப்புகிறார்கள், இதன் பின்னணி என்ன, அனைவருக்கும் பகிரவும். ஜன்னத்துக்கு அதை முதலில் அனுப்பியது லட்சுமணசாமிதான். படிக்காமலே தன் போனில் இருந்த எல்லோருக்கும் பகிர்ந்திருந்தார். அவள் போன் செய்து கேட்டபோது பதறிப்போனார்.

"அய்யோ அம்மணி, நான் பாக்கலீங்க. கண்ணை மூடிட்டு அனுப்பிப்போட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"ஆர்டர் நீங்க குடுத்ததுன்னு குரூப்புல ஒரு வார்த்தை போட்டீங்கன்னா போதுமுங்கண்ணா."

"போட்டுறலாமுங்க. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போடறனுங்க."

தலைவரிடம் கேட்டாரோ என்னவோ, போடவில்லை. ஷாநவாஸ் இந்தத் தடவை "நமக்கெதுக்கு?" என்று கேட்கவில்லை. அது அவளை அதிகம் பயமுறுத்தியது. கோயம்புத்தூரில் வளர்ந்தவர் அவர். ஒரு வதந்தி எத்தனை தெரு தாண்டும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவர். கடையைப் பூட்டி, போத்தனூரில் தங்கை நஸ்ரியா வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டார். அங்கே நஸ்ரியா கேட்ட முதல் கேள்வி, "அக்கா, ஒரு காப்பி கொண்டாந்தியா?"

சென்னைப் பதிப்பாளர் இப்போது போனை எடுக்க ஆரம்பித்திருந்தார். எரித்த செய்தி பேப்பரில் வந்ததும் நாவலை மறுபடி அச்சடித்து, 'எரிக்கப்பட்ட நாவல்' என்று சிவப்புப் பட்டை ஒட்டிக் கடைகளுக்கு அனுப்பினார். கோவைப் பக்கம் மட்டும் நகரவில்லை. விசாரித்தால், அங்கே எல்லோரும் ஏற்கெனவே ஜெராக்ஸில் படித்து முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அனுமதியில்லாமல் நகலெடுத்த கடைமீது புகார் கொடுத்தார். போலீஸ் வந்து எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

கடைமேல் வந்த புகார், நாவல்மேல் வந்த தகராறு இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். நீள மேசை. ஒரு பக்கம் நஞ்சுண்டன், லட்சுமணசாமி, சங்கத்தார் நாலைந்து பேர். எதிரே கிருபாசங்கர் தனியாக. மூலையில் ஒரு நாற்காலியில் ஜன்னத்.

முதலில் அவள் விவகாரம். இன்ஸ்பெக்டர் கேட்டார், யார் சொல்லி எடுத்தது?

ஜன்னத் லட்சுமணசாமியைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான் எரிக்கறதுக்குத்தானுங்க கேட்டேன். படிக்கறதுக்குக் கேக்கலீங்க" என்றார். பொய் சொல்லக் கூடாது என்ற நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது.

"ஏனுங்க சார், எரிச்சதுக்குக் கேஸ் இல்லீங்களா?" என்று கேட்டாள் ஜன்னத்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். "அவங்க மேல போட்டா ஊர்ல பிரச்சினை ஆகும்மா. உங்க மேல போட்டா ஆகாது." அதில் அவருக்கு எந்த வன்மமும் இல்லை. மழை வருமா வராதா என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு நாவலுக்கு வந்தார்கள். கிருபாசங்கர் எதற்கும் தகராறு செய்யவில்லை. ஊர்ப் பேரை எடுத்துவிடலாமா? எடுத்துவிடலாமுங்க. தறி நம்பரை மாற்றலாமா? மாற்றலாமுங்க. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கூட்டத்தை நடத்திய தாலுகா அதிகாரி, எந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்று பதிவாக வேண்டுமே என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். உத்தரவு படிக்கும் அதே குரலில் படித்தார். 'அம்மா ஒரு டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு'

"டம்ளரெல்லாம் இல்லீங்க" என்றார் நஞ்சுண்டன். "சொம்பு."

அவர் அதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்ன கணக்கைத் திருத்துவதுபோல வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அவரே தன் குரலைக் கேட்டவர்போலத் தலையைத் தூக்கினார்.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். லட்சுமணசாமி துண்டை எடுத்துக் காரணமில்லாமல் மடியில் விரித்தார். ஜன்னத் நஞ்சுண்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் கூடவே, இத்தனை வருடமாக அந்தச் சொம்பை அவர் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறார் என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அப்ப டம்ளர்ங்கறதை நீக்கிறலாம்" என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார். அரசாங்கம் நிம்மதியாக மூச்சுவிட்டது.

கடைசியாக, கதையை வேறு எங்காவது நடப்பதாக மாற்றினால் ஊருக்குக் கௌரவமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். "காங்கேயத்துப் பக்கம் போட்டுருங்களே." எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய கிருபாசங்கருக்கு அப்போதுதான் வேர்த்தது. "காங்கேயம் மட்டும் வேண்டாமுங்க" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்று கேட்கிற தைரியம் அந்த அறையில் அன்று யாருக்கும் மிச்சமில்லை.

வெளியே டீக்கடையில் ஜன்னத் அவரிடம் கேட்டாள். "உங்களுக்கு இதையெல்லாம் யாருங்க சொன்னது? சென்னியம்மாக்கா தான்தான் சொல்லிப்போட்டமோன்னு தவிக்கறாங்க."

கிருபாசங்கர் டீ டம்ளரைக் கையில் உருட்டினார். "உங்க ஊரைப் பத்தி எனக்கு மீட்டர் ரீடிங் தவிர ஒண்ணுமே தெரியாதுங்க. அது எங்க சித்தி மகளுங்க. காங்கேயத்துப் பக்கம். நான் அப்ப அந்த ஊட்டுலதான் இருந்தேன். தறியை நிறுத்தாம பாத்துக்கன்னு என்னைத்தான் உக்கார வெச்சிருந்தாங்க." டம்ளரைக் கீழே வைத்து, "எங்க ஒறம்பரைக்காரங்க யாருமே அதைப் படிக்கலீங்க. அவங்க படிப்பாங்கன்னுதான் எழுதினேன்" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

எந்திரம் இல்லாவிட்டாலும் கடையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. ஜன்னத் திரும்பிவந்து கடை திறந்த மறுவாரம் சென்னியம்மாள் வந்தார். இம்முறை சந்தைப் பை இல்லை. கையில் மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"நெனைவஞ்சலி போஸ்டர் ஒண்ணு அடிச்சுக் குடு அம்மணி. சுவத்துல ஒட்டற மாதிரி."

ஜன்னத் கிருபாசங்கர் சொன்னதை அவரிடம் சொன்னாள். நீங்கள் எதுவும் சொல்லவில்லை, அது வேறு வீடு, வேறு பெண் என்று. சென்னியம்மாள் அதைக் கேட்டுவிட்டு மகளின் போட்டோவைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். நிம்மதியடைவார் என்று ஜன்னத் நினைத்திருந்தாள்.

"அப்ப நான் யாருக்குமே சொல்லல" என்றார் சென்னியம்மாள். "ஒருத்தருக்குக்கூடச் சொல்லல."

பழைய கோப்பைத் திறந்ததும் அதே வாசகம் திரையில் வந்தது. ஜன்னத் இந்த முறை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். "உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்."

"அந்த வரியை எடுத்துரு."

"எடுத்துட்டு என்னக்கா போடறது?"

"ஒண்ணும் போட வேண்டாம். அந்த எடம் அப்பிடியே வெறுமையாக் கெடக்கட்டும்."

போஸ்டர் ஊர்ச் சுவர்களில் ஏறியது. மேலே சண்முகப்பிரியாவின் படம், பெயர், தேதி. நடுவில் வெள்ளையாக ஒரு வரி அளவுக்கு இடம். கீழே 'அம்மா' என்று மட்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த வெள்ளை இடத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். நஞ்சுண்டன் அந்தச் சுவரைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கினார் என்று சிலரும், வேகமாக்கினார் என்று சிலரும் சொன்னார்கள். கிழிக்கவில்லை. சங்கத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

லட்சுமணசாமி கடைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க அம்மணி, போஸ்டர்ல ஒரு வரி விட்டுப்போச்சாட்ட இருக்குதுங்களே?"

"விட்டதில்லீங்கண்ணா. எடுத்தது."

அவர் தலையாட்டினார். பிறகு, "அந்த குரூப்புல நான் போட்டிருக்கோணுமுங்க" என்றார். "இப்பக்கூடப் போடலாமுங்கண்ணா" என்றாள் ஜன்னத். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

திருத்திய பதிப்பு வந்தது. டம்ளர் இல்லை, தறிக்கு நம்பர் இல்லை, ஊருக்குப் பேர் இல்லை. யாரும் வாங்கவில்லை. கிருபாசங்கர் மாற்றலாகி வேறு பிரிவுக்குப் போனார். அங்கே அவருக்கு யாரும் மோர் கொடுப்பதில்லையாம். மீட்டரை வாசலுக்கு வெளியே மாற்றிக்கொண்டார்களாம்.

கேஸ் மட்டும் ஜன்னத்தோடு தங்கிவிட்டது. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்வருகிறாள். ஷாநவாஸ் மினி லாரியிலேயே கொண்டுபோய் விட்டு, வெளியே புங்கமரத்தடியில் காத்திருப்பார். போன வாய்தாவில் கோர்ட் எழுத்தர் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். பறிமுதல் செய்த நாவல் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறதாம். நீதிபதிக்கு ஒன்று, அரசு வக்கீலுக்கு ஒன்று, பதிப்பாளர் வக்கீலுக்கு ஒன்று வேண்டுமாம்.

"மூணு செட் ஜெராக்ஸ் போட்டுட்டு வந்துருங்கம்மா. தெளிவா இருக்கணும்."

"சார், அதுக்குத்தானுங்க எம் மேல கேஸே" என்றாள் ஜன்னத்.

எழுத்தர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் அந்தக் கட்டை இன்னும் படித்திருக்கவில்லை. "அது வேறம்மா, இது கோர்ட் காரியம்" என்றார்.

அவள் வெளியே வந்து ஷாநவாஸிடம் சொன்னபோது அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்துவிட்டார். ஜன்னத் சிரிக்கவில்லை. எந்திரம் இன்னும் ஸ்டேஷனில்தான் கிடக்கிறது. சோமனூரில் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரப் பையன் படிக்காமல் எடுத்துக் கொடுப்பான். "நூத்திப் பன்னெண்டு வரும்போது மட்டும் சித்தெ நில்லு, படிச்சுப் பாருன்னு அவன்கிட்டச் சொல்லோணும்" என்றாள்.

ஷாநவாஸ் வண்டியைக் கிளப்பினார்.